பழைய பெட்டிகளுக்குச் சக்கரமும் கப்ளரும் மாற்றித் தருகிறோம் என்பவர்களிடம் உஷார்

ஹெச்.ஓ. அளவு (நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு) மாடல் ரயில் வைத்திருக்கிறவர்கள், அதிலும் இத்தாலியில் செய்து அமெரிக்காவில் விற்ற பழைய ரிவரோஸி கம்பெனி புல்மன் பயணிகள் பெட்டிகள் கையில் இருப்பவர்கள், சக்கரமும் கப்ளரும் (பெட்டிகளை ஒன்றோடொன்று இணைப்பது) மாற்ற யாரிடமாவது அனுப்புவதற்கு முன் இதைக் கொஞ்சம் படித்துவிடுங்கள். இங்கே அமெரிக்காவில் அந்த வேலையைச் செய்து தருவதாக ஆன்லைனில் விளம்பரம் கொடுக்கும் ஒருவரிடம் ஆறு பெட்டிகளை அனுப்பினேன். பெட்டிக்கு 45 டாலர், உதிரிபாகம் உட்பட. நிஜ அளவில் 36 அங்குலத்துக்குச் சமமான மெட்டல் சக்கரம், கேடீ கம்பெனியின் ஒரிஜினல் கப்ளர், அதுவும் பெட்டியின் அடித்தளத்தில் திருகிப் பொருத்தித் தருவதாக எழுத்திலேயே ஒப்புக்கொண்டார். அதில் ஒன்றுகூடச் செய்யவில்லை. மலிவான சாமானைப் போட்டு ஏமாற்றியிருந்தால் போகட்டும் என்று கழற்றிவிட்டு வேறு போட்டுக்கொள்வேன்; இவர் போகிகளை (பெட்டியின் அடியில் சக்கரங்களைத் தாங்கும் சட்டங்களை) வெட்டி, துளைத்து, பசை போட்டு ஒட்டி, பழைய நிலைக்குக் கொண்டுவரவே முடியாதபடி செய்து அனுப்பிவிட்டார். அதுதான் வயிற்றெரிச்சல்.

இந்தப் பெட்டிகளுக்கு இந்த வேலை ஏன் தேவை என்றால், அந்தக் காலத்துச் சக்கரங்களின் ஃபிளாஞ்ச், அதாவது தண்டவாளத்தின் உட்பக்கம் இறங்கும் விளிம்பு, மிக ஆழம். உயரமான கோட் 100 தண்டவாளத்தில் ஓடிவிடும். உயரம் குறைந்த கோட் 83 போட்டால் கட்டைகள்மேல் வார்த்திருக்கும் சின்னச் சின்ன ஆணித்தலைகளில் தட்டிக்கொண்டே கடகடவென்று போகும். கப்ளரும் பழைய கொக்கி வகை, போகியிலிருந்து நீளும் கையின் நுனியில் இருக்கும். நீளமான ரயிலைப் பின்னால் தள்ளினால் அந்த விசை முழுவதும் போகியைப் பக்கவாட்டில் திருப்பி, பெட்டி தடம் புரளும். அதனால் மாற்றுவது நியாயமான வேலைதான், செய்யத் தெரிந்தவர் செய்தால்.

முதலில் சக்கரம். நிஜப் புல்மன் பெட்டியின் சக்கரம் 36 அங்குல விட்டம், ஹெச்.ஓ. அளவில் 10.5 மி.மீ. எனக்கு வந்ததை வெர்னியர் வைத்து அளந்தால் 9.6. அது 33 அங்குலம், சரக்கு வேகனுக்குப் போடுவது. ஒரு மி.மீ. கூட வித்தியாசம் இல்லையே என்று தோன்றும். ஆனால் பெட்டி கிட்டத்தட்ட அரை மி.மீ. கீழே இறங்கிவிடுகிறது, கப்ளரும் கூடவே இறங்குகிறது, அதன் அடியில் தொங்கும் வளைந்த கம்பி ஒவ்வொரு பாயிண்டிலும் (தடம் பிரியும் இடம்) தண்டவாளத்தில் போய் இடிக்கிறது. அச்சின் நீளமும் பொருந்தவில்லை. அதை எப்படியாவது நுழைக்க வேண்டும் என்று, அச்சின் ஊசிமுனை உட்காரும் குழியை டிரில் போட்டு ஆழமாக்கியிருக்கிறார். பிளாஸ்டிக்கில் அந்தக் குழி ஒருமுறை கெட்டால் கெட்டதுதான். இப்போது எந்த அச்சைப் போட்டாலும் அதில் தள்ளாடுகிறது.

இதைவிட மோசம் உள்ளே விளக்குப் போட்ட இரண்டு பெட்டிகள். இரண்டு தண்டவாள முறையில் ஒவ்வொரு அச்சிலும் ஒரு பக்கத்துச் சக்கரத்துக்கு மட்டும் மின்காப்பு இருக்கும். ஒரு போகியின் மூன்று அச்சும் இடப்பக்கத் தண்டவாளத்திலிருந்து மின்சாரம் எடுக்க வேண்டும், இன்னொரு போகியின் மூன்றும் வலப்பக்கத்திலிருந்து. ஒவ்வொரு போகியிலும் ஒரு மெல்லிய உலோகத் தகடு மூன்று அச்சையும் தொட்டபடி இருக்கும். மூன்றில் ஒரே ஒரு அச்சைத் திருப்பிப் போட்டாலும் இடமும் வலமும் அந்தத் தகடு வழியாக நேரே சேர்ந்துவிடும். இவர் எந்தப் பக்கம் காப்பு என்று பார்க்கவே இல்லை, கைக்கு வந்தபடி மாட்டியிருக்கிறார். பெட்டியைத் தண்டவாளத்தில் வைத்த உடனே, தண்டவாளத்துக்கு மின்சாரம் தரும் டிசிசி பூஸ்டர் கட் ஆனது. நல்லவேளை, கட் ஆனது. சட்டென்று கட் ஆகாத பழைய பவர் பேக்காக இருந்தால் தகடு சூடேறி போகியின் பிளாஸ்டிக்கையே உருக்கிவிடும். மல்டிமீட்டரின் ஒரு முனையை ஒரு பக்கச் சக்கரத்திலும் மறு முனையை எதிர்ப்பக்கச் சக்கரத்திலும் வைத்துப் பார்த்தால் அந்த நொடியே தெரிகிற விஷயம் இது. காசு வாங்கிக்கொண்டு செய்கிறவர் அதைக்கூடச் செய்யவில்லை என்றால் என்ன சொல்வது!

கப்ளர் கதையும் அப்படித்தான். கேடீ 5-ம் எண் கப்ளரின் தலை உலோக வார்ப்பு, அசையும் விரல் பக்கத்தில் தலைமுடி மாதிரி ஒரு குட்டிச் சுருள் ஸ்பிரிங் கண்ணுக்கே தெரியும். எனக்கு வந்தது முழு பிளாஸ்டிக் நகல். அதில் ஸ்பிரிங்குக்குப் பதில் ஒரு பிளாஸ்டிக் நாக்குத்தான், நாளாக நாளாக வளைந்து தளர்ந்துவிடும், கனமான ரயிலை இழுக்கும்போது பிடி விட்டுப்போகும். சரி, அதையாவது அடித்தளத்தில் பொருத்தினாரா? இல்லை. போகியின் கையில் இருந்த பழைய கொக்கியை நறுக்கிவிட்டு, மிச்சமிருந்த கட்டையிலேயே சூப்பர் குளூ வைத்து ஒட்டியிருக்கிறார். பசை வழிந்து கப்ளரின் தண்டு அதன் சின்ன உறைக்குள் இறுகிக் கிடக்கிறது, இடம் வலம் அசையவே இல்லை, சுற்றிலும் பிளாஸ்டிக்மேல் வெள்ளைப் படலம். கருப்புப் போகியில் அந்தப் படலத்தை லென்ஸ் இல்லாமலே பார்க்கலாம்.

எடையும் போய்விட்டது. அமெரிக்க மாடல் ரயில் சங்கமான என்.எம்.ஆர்.ஏ.வின் பரிந்துரைப்படி ஹெச்.ஓ. பெட்டிக்கு 1 அவுன்ஸ், அதோடு நீளத்தில் ஒவ்வொரு அங்குலத்துக்கும் அரை அவுன்ஸ். 11 அங்குலப் பெட்டிக்கு ஆறரை அவுன்ஸ், சுமார் 184 கிராம். திரும்பி வந்ததில் மூன்று பெட்டிகள் அதற்குப் பக்கத்தில்கூட இல்லை. திறந்து பார்த்தால் உள்ளே எடைக்காக இருந்த இரும்புத் தகட்டைக் காணோம்.

படங்களோடு எழுதிக் கேட்டதற்கு, “பழைய பெட்டி, இவ்வளவுதான் செய்ய முடியும்” என்றார். தகட்டைப் பற்றிக் கேட்டதற்குப் பதிலே இல்லை. ஆரம்பத்தில் பேபாலில் ‘நண்பர்கள், குடும்பம்’ வழியாகப் பணம் அனுப்பச் சொல்லி வற்புறுத்தினார், நான் மறுத்து, வாங்குபவருக்குப் பாதுகாப்பு உள்ள வழியிலேயே கட்டியிருந்தேன். அதனால் புகார் கொடுத்துப் பாதிப் பணம் திரும்பி வந்தது. பணம் கட்டிய 180 நாளுக்குள் புகார் கொடுக்க வேண்டும், இவர் “அடுத்த வாரம் பார்க்கிறேன்” என்று இழுத்ததெல்லாம் அதற்காகத்தான் என்று எனக்கு உறுதியாகத் தோன்றுகிறது.

இப்படி வேலை எடுக்கிறவர் உண்மையிலேயே தெரிந்தவரா என்பதை அவர் கேட்கும் கேள்வியிலேயே கண்டுபிடிக்கலாம். உங்கள் வளைவின் ஆரம் எவ்வளவு என்று முதலில் கேட்க வேண்டும், ஏனென்றால் 18 அங்குல வளைவில், நிஜத்தில் 80 அடி நீளமுள்ள பெட்டியின் மாடலுக்கு அடித்தளக் கப்ளர் வைத்தால் அது பக்கத்துப் பெட்டியையே வெளியே இழுத்துப் போட்டுவிடும். விளக்கு இருக்கிறதா என்று கேட்க வேண்டும். இவர் இரண்டையும் கேட்கவில்லை. எத்தனை பெட்டி இருந்தாலும் ஒன்றை மட்டும் முதலில் செய்யச் சொல்லுங்கள், கப்ளரை, அதன் உயரத்தைச் சரிபார்க்கும் கேஜ் பக்கத்தில் வைத்து எடுத்த படம் வேண்டும் என்று கேளுங்கள். தண்டவாளத்தின் மேல்மட்டத்திலிருந்து கப்ளர் நடுப்பகுதி வரை 25/64 அங்குலம், ஏறக்குறைய 10 மி.மீ. இருக்க வேண்டும். கழற்றிய பழைய சக்கரம், கப்ளர், தகடு எல்லாம் ஒரு கவரில் திரும்பி வர வேண்டும் என்றும் எழுதி வாங்கிவிடுங்கள். அனுப்பும் முன் ஒவ்வொரு போகியையும் அடிப்பக்கத்திலிருந்து படம் எடுத்து வையுங்கள். எனக்குப் பாதியாவது திரும்பக் கிடைத்தது அந்தப் படங்களால்தான்.

ஆறில் நான்கு பெட்டிகளுக்குப் பழைய சாமான் சந்தையில் போகி கிடைத்துவிட்டது, நானே உட்கார்ந்து மாற்றிக்கொண்டிருக்கிறேன். விளக்குப் பெட்டிகள் இரண்டும் அப்படியே கிடக்கின்றன. அதே பழைய பெட்டியின் ஆறு சக்கரப் போகி, குழி துளைக்காதது, உலோகத் தகட்டோடு யாரிடமாவது உபரியாக இருந்தால் சொல்லுங்கள், நியாயமான விலை கொடுத்து வாங்கிக்கொள்கிறேன்.