காலியா, திருகோணமலையா?

இலங்கையில் நான்கு நாள் கடலோர விடுமுறை என்றால் முதலில் காலண்டரைப் பாருங்கள். டிசம்பர் முதல் மார்ச் வரை தென்கரையில் இருக்கும் காலி (Galle) நகரப் பக்கம் கடல் அமைதி. மே முதல் செப்டம்பர் வரை கிழக்குக் கரையில் திருகோணமலைப் பக்கம். மாற்றிப் போனால் கரையில் உட்கார்ந்து அலையை வேடிக்கை பார்த்துவிட்டு வரவேண்டியதுதான்.

காலிக்கு வசதி அதிகம். கொழும்பிலிருந்து கடலை ஒட்டியே ரயில். காலிக் கோட்டை 1988 முதல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம். மாலையில் மதில்மேல் நடக்கலாம். பக்கத்திலேயே உனவட்டுன கடற்கரை. கொறக்காய்ப் புளி போட்டு வற்றவைத்த மீன் அம்புல் தியலைத் தவறவிடாதீர்கள். கோட்டைக்குள் மட்டும் விலை கொஞ்சம் கடிக்கும்.

என் ஓட்டு திருகோணமலைக்குத்தான். பிரெட்ரிக் கோட்டை வாசலைத் தாண்டினாலே புள்ளிமான்கள் ஆள் பயமில்லாமல் நிற்கும். கையில் வாழைப்பழம் இருந்தால் பின்னாலேயே வரும். மேலே ஏறினால் சம்பந்தர் பாடிய கோணேசர் கோயில், கீழே செங்குத்தாகக் கடல். நிலாவெளியில் குளித்துவிட்டுப் படகில் புறாத்தீவு போனால் பவளப்பாறை பார்க்கலாம். கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. காலையில் இடியப்பம், சொதி, தேங்காய்ச் சம்பல். அப்புறம் ஒன்று: கொழும்பிலிருந்து சாலையில் ஐந்தாறு மணி நேரமாவது ஆகும். போக வர அந்தப் பொழுதையும் கணக்கில் வையுங்கள்.