தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த அம்மாவும் டெல்லி மெட்ரோவின் மஞ்சள் லைனும்

அம்மாவை டெல்லிக்குக் கூட்டிப் போகிறேன் என்றதும் வீட்டில் எல்லாரும் கேட்டது ஒன்றுதான்: "இந்திக்கு என்ன பண்ணுவே?" எனக்கு இந்தியில் பத்து வரை எண்ணத் தெரியும், அதற்கு மேல் விரல்தான். அம்மாவுக்கு 71 வயது. தமிழைத் தவிர வேறு எழுத்து படிக்க வராது. பிப்ரவரியில் ஐந்து நாள் இருந்தோம். கார் வைக்கவில்லை. ஊர் சுற்றியதெல்லாம் மெட்ரோவில், அதிலும் முக்கால்வாசி மஞ்சள் லைனில்.

தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் போகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். புது டெல்லி ரயில் நிலையத்தில் பஹாட்கஞ்ச் பக்கம் ஒரு வாசல், அஜ்மீரி கேட் பக்கம் ஒரு வாசல். மெட்ரோ இருப்பது அஜ்மீரி கேட் பக்கம். நாங்கள் கூட்டத்தோடு கூட்டமாகப் பஹாட்கஞ்ச் பக்கம் வெளியே வந்துவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு மறுபடி மேம்பாலம் ஏறினோம். விமானத்தில் வந்தால் இந்தத் தொல்லையே இல்லை. டெர்மினல் 3-லிருந்து புது டெல்லி ஸ்டேஷனுக்கு ஏர்போர்ட் எக்ஸ்பிரஸ் லைன் இருபது நிமிடம்போலத்தான் எடுக்கும்.

முதல் வேலையாக ஸ்மார்ட் கார்டு வாங்கிவிடுங்கள். ஆளுக்கு ஒன்று வேண்டும். ஒரே கார்டில் இரண்டு பேர் நுழைய முடியாது. 2025 ஆகஸ்ட் உயர்வுக்குப் பிறகு சாதாரண நாளில் குறைந்த கட்டணம் 11 ரூபாய், அதிகபட்சம் 64 (ஏர்போர்ட் லைன் கணக்கு தனி). கார்டுக்கு 10 சதவீதம் தள்ளுபடி, ஞாயிற்றுக்கிழமை இன்னும் மலிவு. பேரம் பேசத் தெரியாத எனக்கு இந்தப் பேரமில்லாத விலையே பாதி நிம்மதி.

உள்ளே நுழையுமுன் பையை ஸ்கேனரில் போட வேண்டும், பெண்களுக்குத் தனி வரிசையில் சோதனை. முதல் நாளே அம்மாவின் பை மாட்டியது. உள்ளே பாக்குவெட்டி! அது என்ன என்று எந்த மொழியில் சொல்வது? காவலில் இருந்த பெண் எடுத்துப் பார்த்துவிட்டு, "சரௌதா!" என்று சிரித்தார். அவர் வீட்டிலும் பாட்டி வைத்திருப்பார் போலிருக்கிறது. சிரித்தாலும் விடவில்லை. நான் அறைக்கு ஓடி வைத்துவிட்டு வந்தேன்.

அம்மாவுக்கு ஸ்டேஷன் பெயர்ப் பலகைகளால் ஒரு உபயோகமும் இல்லை, எல்லாம் இந்தியும் ஆங்கிலமும். ஆனால் இந்த மெட்ரோவில் எழுத்தை விட நிறம்தான் வேலை செய்கிறது. மஞ்சள், நீலம், சிவப்பு, ஊதா. லைன் மாறுகிற பெரிய ஸ்டேஷன்களில் தரையிலேயே அந்தந்த நிறத்தில் பாதச்சுவடு ஒட்டியிருக்கிறது. காஷ்மீரி கேட்டில் மூன்று லைன் சேருகிறது. நான் பலகையைத் தேடி நிமிர்ந்து நின்றபோது அம்மா தரையைப் பார்த்து நடக்க ஆரம்பித்துவிட்டாள். "கோலம் மாதிரி போட்டிருக்கான், பாத்துப் போக வேண்டியதுதானே?"

அறிவிப்புகளும் அப்படித்தான். இந்தியில் பேசும் ஆண் குரல் பழைய தூர்தர்ஷன் செய்தி வாசிப்பாளர் ஷம்மி நாரங்குடையது. அவர் ஒவ்வொரு நிறுத்தத்திலும் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று சொல்வதில், பாயீன் என்றால் இடது, தாயீன் என்றால் வலது என்று இரண்டே நாளில் அம்மா பிடித்துக்கொண்டாள். வண்டி போகும் திசையில் முதல் பெட்டி பெண்களுக்கு. காலை ஒன்பது மணிக் கூட்டத்தில் அது இல்லாவிட்டால் நான் திரும்பி வந்திருப்பேன். ராஜீவ் சௌக்கில் மாலை ஆறுக்கு மேல் வயதானவர்களைக் கூட்டிப் போகாதீர்கள், லேடீஸ் பெட்டியிலும் மூச்சு முட்டும்.

பட்டேல் சௌக்கில் இறங்கி பங்களா சாஹிப் குருத்வாரா போனோம். ராஜா ஜெய்சிங்கின் பங்களாவாக இருந்ததால் அந்தப் பெயர். 1664-இல் சீக்கியர்களின் எட்டாம் குரு ஹர்கிருஷன் தங்கிய இடம். செருப்பை ஒப்படைத்துவிட்டு, தலையை மூடிக்கொண்டு உள்ளே போக வேண்டும். லங்கரில், அதாவது எல்லாருக்கும் இலவசமாகச் சாப்பாடு போடும் இடத்தில், பந்தியில் உட்கார்ந்தோம். ரொட்டி பரிமாறிய பெரியவர் அம்மா ஒற்றைக் கையை நீட்டியதும் கொடுக்காமல் நின்றார். பக்கத்துப் பெண் இரண்டு கையையும் ஏந்திக் காட்டினாள். அம்மா ஏந்தினாள், ரொட்டி விழுந்தது. "பிரசாதம்னா அப்படித்தான் வாங்கணும், எனக்குத்தான் புத்தியில்ல" என்றாள்.

செங்கோட்டைக்குத் திங்கட்கிழமை விடுமுறை, அன்று போய் நிற்காதீர்கள். குதுப் மினார் என்ற பெயரிலேயே ஸ்டேஷன் இருக்கிறதே என்று நம்பி நடக்கவும் வேண்டாம், அங்கிருந்து ஆட்டோ வேண்டும். மெட்ரோ வாசலைத் தாண்டினால்தான் நம் இந்தியின் லட்சணம் தெரிகிறது. நான் இருபது என்று நினைத்து ஏறிய ஈ-ரிக்ஷா இறங்கும்போது எண்பதாகிவிட்டது. கேட்டு, செல்போனில் எண்ணை அடித்துக் காட்டச் சொல்லிவிட்டு ஏறுங்கள். குதுப்பில் 73 மீட்டர் கோபுரத்தை அம்மா ஒரு தடவை நிமிர்ந்து பார்த்ததோடு சரி. துருப்பிடிக்காத இரும்புத் தூணைத்தான் சுற்றிச் சுற்றி வந்தாள்.

நாலாம் நாள் மலை மந்திர் என்கிற முருகன் கோயில். ஹௌஸ் காஸில் மெஜந்தா லைனுக்கு மாற வேண்டும். ரொம்ப ஆழமான ஸ்டேஷன், முட்டிவலிக்காரர்கள் எஸ்கலேட்டரை நம்பாமல் லிஃப்டைத் தேடுங்கள். இந்தியாவின் முதல் ஓட்டுநரில்லா மெட்ரோ வண்டி இந்த லைனில்தான் 2020 டிசம்பரில் ஓடத் தொடங்கியது. வசந்த் விஹாரில் இறங்கிய பிறகுதான் அம்மாவிடம் அதைச் சொன்னேன். "முன்னாடியே சொல்லியிருந்தா ஏறியிருப்பேனா?" என்றாள். ஆட்டோவில் கோயிலுக்குப் போனோம். உத்தர சுவாமிமலை, கருங்கல் கட்டடம், மூலவர் சுவாமிநாதன். அங்கே "யாமிருக்க பயமேன்" என்று எழுதியிருந்ததை அம்மா சத்தமாகப் படித்தாள். நாலு நாளில் அவள் படித்த முதல் பலகை.

அடுத்த மாதம் அத்தை டெல்லி போகிறாள். அம்மா தன் கார்டைக் கொடுத்திருக்கிறாள். அதில் இன்னும் 46 ரூபாய் இருக்கிறதாம், திரும்பி வந்ததும் கணக்குச் சொல்ல வேண்டுமாம்.