பிடெக்ஸ் ஆன்டிபாடி கிட்: நான்கு வருடம் கையாண்ட பிறகு

சோதனைக் குழாயின் நிறத்தை அளக்கும் போட்டோமீட்டர் ஐந்து வாரம் சர்வீசில் கிடந்து, போன திங்கட்கிழமைதான் திரும்பி வந்தது. சென்னை ஈரக்காற்றில் 450 நானோமீட்டர் பில்டரில் பூஞ்சை படர்ந்திருந்தது. அன்றைக்கே தூத்துக்குடியிலிருந்து நண்பர் போன் செய்தார். "அண்ணே, பிடெக்ஸ் கிட் விலை இறங்கியிருக்காம். நீங்க நாலு வருஷமா வச்சிருக்கீங்களே, குடியிருப்புக் கிணறுகளைச் சோதிக்க வாங்கலாமா?" வண்டி ஓட்டிக்கொண்டிருந்ததால் அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். முழுப் பதில் இது. மண்ணிலோ தண்ணீரிலோ பெட்ரோல் மாசு இருக்கிறதா என்று அந்த இடத்திலேயே நிறத்தால் காட்டும் சோதனைப் பெட்டிதான் இந்தக் கிட்.

காந்தத் துகள் மேல், மாசைப் பிடித்துக்கொள்ளும் புரதமான ஆன்டிபாடி ஒட்டியிருக்கும், அதில் இடம் பிடிக்க மாசும், நிறம் உண்டாக்கும் என்சைம் கட்டிய மூலக்கூறும் போட்டி போடும், மாசு கூடக்கூட நிறம் குறையும். இந்த அடிப்படையெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

மண்ணுக்கு இந்தக் கிட் மாதிரி ஒன்றை நான் பார்த்ததில்லை. பெட்ரோல் பங்கில் பழைய நிலத்தடி டேங்கை எடுத்தபின் சுற்றியுள்ள மண்ணை எதுவரை தோண்டி அள்ளுவது என்பதுதான் எங்கள் வேலையில் பெரிய கேள்வி. ஜேசிபிக்கு மணிக்கணக்கில் வாடகை. மாதிரியை லேபுக்கு அனுப்பினால், ஒவ்வொரு ரசாயனத்தையும் தனித்தனியே பிரித்து அளக்கும் ஜிசி-எம்எஸ் கருவியின் ரிப்போர்ட் வர நாள் கணக்காகும். அதுவரை குழி திறந்தே கிடக்கும், நடுவில் ஒரு மழை வந்தால் எல்லாம் போச்சு. கிட் இருந்தால் குழியின் நான்கு சுவரிலும் அடியிலும் மண் எடுத்து, எடை போட்டு, அந்த இடத்திலேயே மெத்தனாலில் போட்டு மூடிக் குலுக்கிவிடலாம். ஆவியாகி ஓடப் பார்க்கும் பொருளை மெத்தனால் பிடித்து வைத்துக்கொள்ளும். தெளிந்ததும் மேலே நிற்கும் மெத்தனாலை எடுத்து நீர்க்கச் செய்து, கிட்டின் குழாயில் விட்டால் ஒரு மணி நேரத்துக்குள் பதில் வந்துவிடும்.

அந்த நீலத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். அமிலம் விட்டு மஞ்சளாக்குவதற்கு முன்னால், ரேக்கில் வரிசையாக நிற்கும் குழாய்கள் மெல்ல மெல்ல நீலம் ஏறும் அந்த இருபது நிமிடம் எனக்கு இன்னமும் அலுக்கவில்லை. சுத்தமான மண் கருநீலமாக நிற்கும். பெட்ரோல் ஊறிய மண் கண்ணாடி போலத் தெளிவாகவே இருக்கும். எங்களோடு வரும் ஜேசிபி ஆபரேட்டர் மூன்றாவது சைட்டிலேயே இதைப் படிக்கக் கற்றுக்கொண்டார். வேனுக்குள் எட்டிப் பார்த்து, "சார், கிழக்குப் பக்கம் இன்னும் வெளுப்பாத்தான் இருக்கு, இன்னொரு அடி எடுத்துடவா?" என்று கேட்டார். எடுத்தோம். அடுத்த சுற்றில் அந்தக் குழாயும் நீலமானது. பிறகு வந்த ஜிசி ரிப்போர்ட்டும் அதையேதான் சொன்னது. நாங்கள் ஒப்பிட்டுப் பார்த்த மண் மாதிரிகளில் கிட் 'சுத்தம்' என்று சொல்லி ஜிசி மறுத்த ஒன்றுகூட இல்லை. தலைகீழாக, கிட் கூடுதலாகக் காட்டியது சில தடவை நடந்திருக்கிறது. நாப்தலினையும் இந்த ஆன்டிபாடி பெட்ரோலில் உள்ள சைலீன் மாதிரியே பிடித்துக்கொள்ளும், டீசல் சிந்திய இடத்தில் அது வரத்தான் செய்யும். கூடக் காட்டினால் ஒரு லோடு மண் அதிகம் போகும், அவ்வளவுதான்.

வெயில் ஒரு தொல்லை. கிட்டை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும், ஆனால் குளிர்ச்சியோடு அப்படியே பயன்படுத்தக் கூடாது. மே மாதம் வெளியில் வைத்துச் செய்தால் நிறம் தாறுமாறாக ஏறிவிடும். வேனுக்குள் ஏசி போட்டு, அளவு தெரிந்த ஸ்டாண்டர்டையும் மாதிரியையும் ஒரே நேரத்தில் ஓட்டினால் சமாளித்துவிடலாம்.

என்னால் இன்றுவரை விழுங்க முடியாத விஷயம் வேறு. டப்பா மேல் போட்டிருக்கும் பெயர்.

பிடெக்ஸ் என்றால் பென்சீன், டொலுவீன், எத்தில்பென்சீன், சைலீன். நான்கிலும் புற்றுநோய்க்காக நாம் பயப்படுவது முதலாவதாக நிற்கும் பென்சீனுக்கு. இந்த ஆன்டிபாடிக்கு மிகக் குறைவாகத் தெரிவதும் அதுதான். காரணம் புரியாததில்லை. ஆன்டிபாடியை விலங்குக்கு ஊசி போட்டுத்தான் உருவாக்குகிறார்கள். ஆனால் பென்சீன் மாதிரிச் சின்ன மூலக்கூறை விலங்கின் உடல் எதிரியாகவே மதிக்காது. அதை ஒரு பெரிய புரதத்தோடு ஒட்டித்தான் ஊசி போட முடியும். ஒட்டுவதற்குப் பென்சீன் வளையத்தில் கை போல நீட்டிய ஒரு கிளை வேண்டும். அப்படிக் கையோடு காட்டப்பட்ட வளையத்தைப் பார்த்துப் பழகிய ஆன்டிபாடி, கை உள்ள சைலீனையும் எத்தில்பென்சீனையும் நன்றாகப் பிடிக்கிறது. மொட்டையாக இருக்கும் பென்சீன் கையில் அகப்படாமல் நழுவிவிடுகிறது. உடலுக்குள் போன பென்சீன் மாறிப்போய்ச் சிறுநீரில் வரும் பெரிய மூலக்கூறுக்கு நல்ல ஆன்டிபாடி உண்டு. தண்ணீரில் இருக்கும் பென்சீனுக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

மண்ணில் இது பெரிதாக உறுத்தாது. ஊறிக் கிடக்கும் பெட்ரோலில் சைலீன் தாராளமாக இருக்கும், அதை வைத்தே மாசைக் கண்டுபிடித்துவிடலாம். தண்ணீரில் கதை வேறு. இந்தியாவின் பிஎஸ்-6 தரப் பெட்ரோலில் பென்சீன் 1 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. ஆனால் தனியாகப் பார்த்தால் ஒரு லிட்டர் தண்ணீரில் பென்சீன் சுமார் 1,800 மில்லிகிராம் கரையும், சைலீன் 200-ஐத் தாண்டாது. மண்ணிலும் பென்சீன் அவ்வளவாக ஒட்டாது. அதனால் கசிவிலிருந்து நிலத்தடி நீரோடு முந்திக்கொண்டு ஓடுவது அதுதான். டேங்கிலிருந்து தள்ளியிருக்கும் கிணற்றுக்கு, வாசனையே இல்லாமல், முதல் ஆளாய் வந்து சேர்வதும் அதுதான்.

இதை நான் கற்றுக்கொண்ட விதம் நல்ல விதம் இல்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு பங்குக்குப் பின்தெருவில் கிணறுகளைச் சோதித்தோம். தெருக்கோடி வீட்டில் ஓர் அம்மா. கிணற்று நீரில் அரிசி களைந்து, கழுநீரை மாட்டுக்கு வைப்பவர். 40 மில்லி கண்ணாடிக் குப்பியில் காற்றுக்குமிழி இல்லாமல் நிரப்பினேன், முறை எதிலும் குறை வைக்கவில்லை. குழாய் அழகான கருநீலம். "பயமில்லைம்மா, தண்ணி நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டு வந்தேன். விதிப்படி ஜிசிக்கும் ஒரு குப்பி போயிருந்தது. இரண்டு வாரம் கழித்து ரிப்போர்ட் வந்தது: பென்சீன் லிட்டருக்கு 62 மைக்ரோகிராம், மற்ற மூன்றும் சேர்ந்தே 5-க்குள். குடிநீரில் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு 10. அமெரிக்காவில் 5.

திரும்பப் போய்ச் சொன்னேன். அந்த அம்மா கோபப்படவில்லை. "அன்னிக்கு நீலமா இருக்கு, நல்லதுன்னு காட்டுனியே தம்பி" என்று மட்டும் கேட்டார். கையிலிருந்த சொம்பைத் துவைக்கிற கல் மேல் வைத்துவிட்டுக் கிணற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த இரண்டு வாரமும் அந்தத் தண்ணீரில்தான் சோறு.

நியாயமாகச் சொன்னால், கையேட்டில் எல்லாம் இருக்கிறது. கடைசிப் பக்கங்களில் பொடி எழுத்தில் ஓர் அட்டவணை, எந்தப் பொருளை எந்த அளவில் பிடிக்கும் என்று. நான் படித்திருந்தேன்கூட. ஆனால் டப்பாவில் 'பிடெக்ஸ்' என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு, அந்த முதல் எழுத்துக்கு உரியதைக் கடைசிப் பக்கத்தில் ஒளித்து வைப்பது சரியில்லை. 'சைலீன் வகைக் கிட்' என்று போட்டிருந்தால் அன்றைக்கு நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். விற்பவரிடம் இரண்டு முறை எழுதிக் கேட்டேன். இதுவரை எதுவும் மாறவில்லை.

ஆக, தம்பி, இவ்வளவு புகழ்ந்தாலும் உங்களுக்கு என் பதில்: வாங்காதீர்கள். நீங்கள் கேட்டது குடியிருப்புக் கிணறுகளுக்கு. விலை பாதியானாலும் வேண்டாம். அந்தக் காசில் நல்ல குப்பிகளும் ஐஸ் பெட்டியும் வாங்கி, எல்லா மாதிரியையும் ஜிசிக்கே அனுப்புங்கள். ரிப்போர்ட் வரும்வரை யாருக்கும் எதுவும் சொல்லாதீர்கள், தண்ணீரை மட்டும் நிறுத்தச் சொல்லுங்கள்.

நாளைக் காலை ஏழு மணிக்கு எங்களுக்கு ஒரு டேங்க் வேலை இருக்கிறது. புது கிட் பிரிட்ஜில் தயாராக இருக்கிறது. வந்த அன்றே அதன் மூடியில் மார்க்கரால் எழுதிவிட்டேன்: 'மண்ணுக்கு மட்டும்.'