கியூஸ்பின்: ஸ்பின் செயினுக்கு சூப்பர், ஆனா பவுலிகிட்ட ஜாக்கிரதை

ஆறு மாசமா கியூஸ்பின் (QuSpin, குவாண்டம் ஸ்பின் கணக்கு போடற பைத்தான் லைப்ரரி) ஓட்டிட்டு இருக்கேன். ஸ்பின் அரை ஹைசன்பர்க் செயினை (பக்கத்துல இருக்கறது எதிர்த்திசைல நிக்கப் பாக்கற குட்டி குவாண்டம் காந்தங்களோட வரிசை) காந்தப்புலத்துல வச்சா மேக்னெட்டைசேஷன் (மொத்த காந்தத்தன்மை) எப்படி ஏறுதுன்னு பாக்கணும், அவ்ளோதான் வேலை. லைப்ரரிக்கு காசு கிடையாது, 2017ல பேப்பரும் வந்திருக்கு.

முதல் வாரமே செம அடி. 16 சைட் (ஸ்பின் உக்கார்ற இடம்) வளையம், ஜே (பக்கத்து ஸ்பின்களை இணைக்கற எக்ஸ்சேஞ்ச் பலம்) 1னு வச்சா ஃபீல்ட் 2ல சாச்சுரேட் ஆகணும், அதாவது எல்லா ஸ்பின்னும் ஃபீல்ட் பக்கம் திரும்பிடணும், எனக்கு 4 வரைக்கும் போய்ட்டே இருக்கு. ஹெர்மிட்டிசிட்டி செக் பாஸ், சிமெட்ரி செக் பாஸ்னு மெசேஜ் வேற வருது, நானும் ரெண்டு நாள் பவுண்டரி கண்டிஷனை நோண்டிட்டு இருந்தேன். கடைசில ஃபீல்டே இல்லாம சைட்டுக்கு எவ்ளோ எனர்ஜின்னு பாத்தா -1.786, வர வேண்டியது -0.446. கரெக்டா நாலு மடங்கு! நாம எதுவும் சொல்லலன்னா இது ஸ்பின் ஆபரேட்டருக்கு பதிலா பவுலி மேட்ரிக்ஸை (ஸ்பின் ஆபரேட்டரோட ரெண்டு மடங்கு) எடுத்துக்குது, அதனால எக்ஸ்சேஞ்ச் நாலு மடங்கு, ஃபீல்ட் ரெண்டு மடங்கு, சாச்சுரேஷன் டபுள். டாக்குமென்டேஷன்ல தெளிவா எழுதியிருக்கு, படிக்காதது என் தப்புதான்.

எனக்கு ரொம்ப புடிச்சது மேல் நோக்கின ஸ்பின் எத்தனைன்னு கொடுத்து பெரிய மேட்ரிக்ஸை செக்டார்னு சின்ன சின்ன துண்டா பிரிக்கிற வசதி. முதல்ல முட்டாள்தனமா 200 ஃபீல்டுக்கும் தனித்தனியா 65,536 சைஸ் மேட்ரிக்ஸை போட்டு லான்சோஸ் (அடிமட்ட எனர்ஜிய கண்டுபிடிக்கற முறை) ஓட்டினேன். ஃபீல்ட் இசட் திசைல இருந்தா மொத்த எஸ்இசட் (இசட் திசை ஸ்பின்னோட கூட்டல்) மாறாதே, அப்புறம் எதுக்கு இந்த பாடு? ஒன்பது செக்டார்ல ஒவ்வொண்ணுலயும் ஒரு தடவை அடிமட்ட எனர்ஜிய எடுத்துட்டு, ஃபீல்ட் பங்கை கையால கழிச்சா முழு கர்வும் வந்துடுது, பெரிய செக்டாரே 12,870தான். எட்டு படி வச்ச மாடிப்படி மாதிரி இருக்கும், படிகளோட நடுப்புள்ளிய சேத்தா பெரிய செயினோட கர்வ் கிட்டத்தட்ட தெரிஞ்சிடும். ஃபீல்டை கொஞ்சம் சாய்ச்சீங்கன்னா இந்த சொகுசு எல்லாம் காலி.

ககோமே (முக்கோணங்கள் மூலைல ஒட்டின 2டி வலை) ஆசையோட வராதீங்க. 36 சைட்ல அந்த 1/3 பிளாட்டோ (மேக்னெட்டைசேஷன் மூணுல ஒரு பங்குல ஏறாம நிக்கற இடம்) செக்டார் மட்டும் 125 கோடி ஸ்டேட், ஒரு வெக்டரை வைக்கவே 10 ஜிபி, மத்த சிமெட்ரி போட்டு குறைச்சாலும் லேப்டாப்புக்கு பெரிய தலைவலிதான். மான்டே கார்லோ (ரேண்டமா சாம்பிள் எடுத்து கணக்கு போடற முறை) பக்கம் போனா சைன் ப்ராப்ளம் (பிளஸ் மைனஸ் ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கிட்டு விடை தெரியாம போறது) நிக்குது.

நீளமான செயினுக்கு நான் டிஎம்ஆர்ஜிக்கு (DMRG, முக்கியமான ஸ்டேட்களை மட்டும் வச்சு கணக்கு போடற முறை) மாறிட்டேன், ஆனாலும் அங்க எந்த புது கோட் எழுதினாலும் முதல்ல 16 சைட்டுக்கு ஓட்டி இந்த எட்டு படியோட ஒத்துப்போகுதான்னு பாத்துட்டுதான் அடுத்த வேலை.