8 பேர் குழுவுக்கு கிட்ஹப் டீம்: காசுக்குத் தகுமா?

மதுரை அண்ணா நகரில் 8 பேர் இருக்கிற சின்ன மென்பொருள் அலுவலகம் எங்களுடையது. குழுவாக எழுதும் நிரலைச் சேமித்துவைக்கும் இணையச் சேவையான கிட்ஹப்பில், 2020 ஏப்ரலில் டீம் என்ற கட்டணத் திட்டத்தின் விலையை ஆளுக்கு மாதம் 9 டாலரிலிருந்து 4 டாலராகக் குறைத்து, தனிக் களஞ்சியங்களில் (வெளியார் பார்க்க முடியாத நிரல் சேமிப்பிடங்களில்) எத்தனை பேர் வேண்டுமானாலும் சேரலாம் என்று இலவசத் திட்டத்தையும் திறந்துவிட்டார்கள். சரி, இலவசமே போதும் என்று ரொம்ப நாள் ஓட்டினோம்.

போதவில்லை. இலவசத்தில் தனிக் களஞ்சியத்தின் முக்கியக் கிளையை, அதாவது எல்லோருக்கும் பொதுவான மூலப் பதிப்பை, யாரும் நேராக மாற்றாதபடி பூட்டி வைக்க முடியாது. புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் தெரியாமல் தன் மாற்றங்களை நேராக அதிலேயே தள்ளிவிட, வாடிக்கையாளருக்குக் காட்ட வேண்டிய காலையில் எல்லாம் உடைந்து கிடந்தது. அவரைத் திட்ட மனசு வரவில்லை, பூட்டாதது எங்கள் தப்பு.

இதே போன்ற சேவையான கிட்லேப்பின் பிரீமியம் திட்டத்தைப் பார்த்தோம், 2023-இலிருந்து ஆளுக்கு 29 டாலர், 8 பேருக்கு மாதம் 232. வேண்டாம். அதன் இலவசத் திட்டமும் பிட்பக்கெட் என்ற இன்னொரு சேவையின் இலவசத் திட்டமும் 5 பேரோடு நின்றுவிடும்.

அதற்கு முன்னால் அலுவலகத்துப் பழைய கணினியில் கிட்ஹப் போலவே வேலை செய்யும் கிட்டீயை நாங்களே நிறுவிப் பார்த்தோம், காசில்லாத நல்ல மென்பொருள், ஆனால் மின்வெட்டில் வட்டு போனதும் நிரல் மட்டும் ஒவ்வொருவர் மடிக்கணினியிலும் முழு வரலாற்றோடு பிழைத்தது, பிழைப் பட்டியலும் மறுபார்வைக் குறிப்புகளும் போயே போய்விட்டன.

இப்போது டீம் திட்டம், மாதம் 32 டாலர், கூடவே நிரலைத் தானாகச் சோதிக்க 3,000 நிமிடம். மனநிறைவோடு கட்டுகிறோம்.