கீசருக்கு டைமர் மாட்டித் தருகிறேன் என்று ரூ.11,400 ஏமாற்றிவிட்டார்கள், சேலம், ஏற்காடு ஆட்கள் கவனம்

நேற்று இரவு பத்தரை மணிக்கு அம்மா ஏற்காட்டிலிருந்து போன் செய்தார். "கண்ணு, பாத்ரூம்கிட்ட ஏதோ கருகுற வாசம் வருது, நெருப்பு ஒண்ணும் தெரியல" என்றார். மெயினை அணைக்கச் சொல்லிவிட்டு நான் சேலத்தில் விடிய விடிய தூங்காமல் உட்கார்ந்திருந்தேன். அப்பாவுக்கு 74 வயது, முழங்கால் வலி, அவசரமென்றால் எழுந்து ஓட முடியாதவர். டைமர் வாங்கும் முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன், முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

மார்கழிக் குளிரில் அம்மா நாலு மணிக்கே எழுந்து கீசரைப் போட்டுவிட்டு முக்கால் மணி நேரம் காத்திருக்கிறாரே என்றுதான் டைமர் யோசனை வந்தது. பாத்ரூமில் 25 லிட்டர் கீசர், சமையலறையில் சின்னது ஒன்று, இரண்டுமே 2,000 வாட்ஸ். கடையின் பெயரைப் போடவில்லை. சேலம் டவுனில் இருக்கிற எலக்ட்ரிக்கல் சாமான் கடை, சாமானும் விற்று ஆளும் அனுப்பி மாட்டித் தருகிற வகை.

கடைக்காரர் என்னை உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தார். அம்மா அப்பா உடம்பைப் பற்றி விசாரித்தார். பழைய பில் ஒன்றின் பின்பக்கம் படம் போட்டு, "ரெண்டு கீசரும் சேர்ந்து 17 ஆம்ப்ஸுக்கு மேல இழுக்கும், டைமரால மட்டும் தாங்க முடியாது, நடுவுல காண்டாக்டர்னு ஒரு பெரிய ஸ்விட்ச் போடணும், லோடு அதுலதான் போகும், டைமர் அதைத் தட்டி விடுற வேலையை மட்டும் பார்க்கும்" என்று பொறுமையாக விளக்கினார். அவர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் சரி. அதனால்தான் நம்பினேன். வேலை தெரியாதவன் ஏமாற்றினால் கண்டுபிடித்துவிடலாம், இவர் எல்லாம் தெரிந்தே செய்திருக்கிறார். "பெரியவங்க இருக்கிற வீடு, நம்ம வீடு மாதிரி பார்த்துப் பண்ணித் தர்றேன் தங்கச்சி, கரண்ட் போனாலும் டைம் மாறாது, உள்ள பேட்டரி இருக்கு" என்றார். 20 கொண்டை ஊசி வளைவு ஏறி ஆள் போக வேண்டும் என்று மொத்தப் பணத்தையும் முன்னாலேயே கேட்டார். டைமர் 2,600, பெட்டியோடு காண்டாக்டர் 2,900, 4 எம்.எம். ஒயர் 2,700, கூலி 3,200. மொத்தம் ரூ.11,400. அங்கேயே உட்கார்ந்து போனில் அனுப்பிவிட்டேன்.

மாட்ட வந்த பையன் ஒன்றரை மணி நேரத்தில் வேலையை முடித்து, பெட்டியை ஸ்டிக்கர் ஒட்டி மூடிவிட்டுப் போய்விட்டான். அஞ்சு நாள் ஒழுங்காக ஓடியது. ஆறாவது நாள் கரண்ட் போய் வந்ததும் டைமர் 12:00 என்று கண் சிமிட்ட ஆரம்பித்தது, காலையில் பச்சைத் தண்ணீர். போன் செய்தேன். "டைமை மறுபடி செட் பண்ணிக்கங்க மேடம்." தங்கச்சி அதற்குள் மேடம் ஆகிவிட்டேன்! பேட்டரி இருக்கு என்றீர்களே என்றால், "மலையில பனி ஜாஸ்தி, ஈரத்துல அப்படித்தான்" என்றார். அடுத்த வாரம் மறுபடி அதே கதை. ஆள் வர வேண்டுமென்றால் வண்டிச் செலவு 800 தனியாம். அதன்பிறகு போனையே எடுக்கவில்லை.

நேற்று சாயங்காலமும் ஆறு மணிவாக்கில் கரண்ட் போய் வந்திருக்கிறது. டைமர் அதை நடுராத்திரி 12 என்று எண்ணிக்கொண்டு, ராத்திரி பத்து மணிக்கு விடியற்காலை நாலு ஆகிவிட்டது என்று இரண்டு கீசரையும் போட்டிருக்கிறது. அம்மா தூங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே முடியவில்லை.

இன்று காலை முதல் பஸ்ஸில் ஏறிப் போனேன். பக்கத்துக் காப்பி எஸ்டேட்டில் வயரிங் பார்க்கிற அண்ணன் பெட்டியைத் திறந்தார். உள்ளே காண்டாக்டரே இல்லை. பில்லில் 2,900 போட்ட சாமான், வெறும் பெட்டி. மேலே 20 ஆம்ப்ஸ் என்று அச்சடித்த டைமருக்குள் கரண்டை விட்டு நிறுத்துகிற சின்ன ஸ்விட்ச்சான ரிலேயில் 10 ஆம்ப்ஸ் என்று எழுதியிருக்கிறது, அதன் கால் பக்கமெல்லாம் கருகி பிளாஸ்டிக் உருகியிருந்தது. ஒயர் 4 எம்.எம். இல்லை, ஒன்றரை. லோடு கூடினால் தானே அணைகிற டிரிப்பர் ஏன் விழவில்லை என்று கேட்டேன். அது 20 ஆம்ப்ஸ், ஓடியது 17, அதன் கணக்கில் தப்பே இல்லை, ஒயரும் ரிலேயும்தான் வெந்திருக்கிறது என்றார். இன்னொன்றையும் காட்டினார், அதுதான் என்னை உலுக்கிவிட்டது. டைமர், கரண்ட் வருகிற பேஸ் ஒயரை வெட்டாமல், திரும்பிப் போகிற நியூட்ரல் ஒயரை வெட்டும்படி அந்தப் பையன் மாட்டியிருக்கிறான். டைமர் ஆஃபில் இருந்தபோதும் கீசரில் டெஸ்டர் வைத்தால் எரிந்தது. இத்தனை நாளும் ஆஃப் ஆகிவிட்டது என்று நம்பிக் குளித்திருக்கிறார்கள்.

மதியம் கருகிய டைமரை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். ஓனர் கல்யாணத்துக்குப் போயிருக்கிறார் என்றான் கடைப் பையன். உள்ளே பேச்சுக் குரல் கேட்கிறது, அதே குரல்! நான் நகரவில்லை. அரை மணி நேரம் கழித்து வெளியே வந்து, "ஸ்டிக்கர் கிழிஞ்சிருக்கே மேடம், வேற ஆள் கை வெச்சா வாரண்டி கிடையாது, கம்பெனிக்குப் போன் பண்ணுங்க" என்றார். டைமர் அட்டையில் இருக்கிற நம்பர் உபயோகத்திலேயே இல்லை. காண்டாக்டர் எங்கே என்று கேட்டதற்கு, மாட்டின பையன் வேலையை விட்டு நின்றுவிட்டான், அவனைத்தான் கேட்க வேண்டும் என்றார். ரூ.11,400 வாங்கியது அந்தப் பையனா? என் பணம் போனது இவர் கணக்குக்கு.

விவரமாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை, இதை மட்டும் பாருங்கள். முழுப் பணத்தையும் முன்னால் கொடுக்காதீர்கள். பெட்டியை மூடும் முன் திறந்து காட்டச் சொல்லி, பில்லில் உள்ள சாமான் ஒவ்வொன்றையும் போட்டோ எடுங்கள். ஒயர் மேலேயே அளவு அச்சடித்திருக்கும், படித்துப் பாருங்கள். டைமரை ஆஃப் செய்துவிட்டுக் கீசரில் டெஸ்டர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள், எரிந்தால் அந்த ஆளை வீட்டை விட்டுப் போக விடாதீர்கள். மெயினை ஒருமுறை அணைத்துப் போட்டு டைம் மாறாமல் இருக்கிறதா பாருங்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்து புகார் பதிந்துவிட்டேன். பணம் வராவிட்டால் சேலம் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன், 5 லட்சம் வரை அங்கே கட்டணம் கிடையாது. பில் இருக்கிறது, பின்பக்கம் அவர் கையால் காண்டாக்டர் போட்டு வரைந்த படமும் இருக்கிறது. நாளைக்கு அந்த அண்ணன் வந்து கீசரைப் பழைய ஸ்விட்ச்சுக்கே மாற்றித் தருகிறேன் என்றிருக்கிறார். அதுவரை அம்மா கேஸ் அடுப்பில்தான் வெந்நீர் வைக்கிறார்.