முட்டைக்கு யார் பொறுப்பு: ஜுவனைல் ஹார்மோனா, எக்டைசோனா?

பூச்சிகளின் வளர்ச்சியைப் படித்தவர்களுக்கு இந்த இரண்டு பெயர்களும் பழகியவை. எக்டைசோன் சட்டையை உரிக்கச் சொல்லும். உரித்த பிறகும் புழுவாகவே இருக்கச் சொல்லும் ஜுவனைல் ஹார்மோன். பின்னது வற்றிய சமயத்தில் முன்னது பொங்கினால் புழு கூட்டுப்புழுவாகும். பாடப்புத்தகம் பெரும்பாலும் இத்தோடு நிறுத்திக்கொள்கிறது. ஆனால் இறக்கை முளைத்த பெண் பூச்சியின் உடலில் இதே இரண்டும் புது வேலைக்கு வந்து நிற்கின்றன: முட்டைக்குள் கருவுணவை நிரப்பும் வேலை. அங்கே எது முதன்மை, எது துணை என்று கேட்டால் இனத்துக்கு இனம் விடை மாறுகிறது.

இரண்டையும் ஒப்பிடும்போது பலரும் அளவு வரைபடத்தை எடுத்துவைத்து, எதன் உச்சி உயரம் என்று பார்க்கிறார்கள். அது நம்மை ஏமாற்றும் என்பது என் கருத்து. எந்த ஹார்மோன் எப்போது இறங்குகிறது, எது அதை இறக்குகிறது என்று பார்த்தால்தான் அந்தந்தப் பூச்சியில் பிடி யார் கையில் இருக்கிறது என்பது தெரியும்.

தலைப்பக்கம் ஒன்று, வயிற்றுப்பக்கம் ஒன்று

ஜுவனைல் ஹார்மோன் சுரப்பது மூளைக்குப் பின்னால் இருக்கும் கார்ப்போரா அல்லேட்டா என்ற குட்டிச் சுரப்பிகளில். எண்ணெயில் கரையும் டெர்ப்பீன் வகைப் பொருள் இது. 1956இல் கரோல் வில்லியம்ஸ், செக்ரோப்பியா அந்துப்பூச்சி ஆண்களின் வயிற்றிலிருந்து இந்த ஹார்மோன் செறிந்த பொன்னிற எண்ணெயைப் பிரித்தெடுத்தார். வேதியமைப்பு தெளிவாக 1967 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

சுரப்பி இதைச் சேமித்து வைப்பதில்லை. உண்டாக்கிய கையோடு வெளியே விட்டுவிடும். ஆய்வாளர்களுக்கு இது பெரிய வசதி. சுரப்பியைத் தனியே எடுத்து, கதிரியக்கக் குறியிட்ட மெத்தியோனின் கலந்த ஊடகத்தில் சில மணி நேரம் வைத்தால் போதும். ஹார்மோனின் நுனியில் ஒட்டும் மெத்தில் தொகுதி அந்த மெத்தியோனினிலிருந்துதான் வருகிறது. எனவே வெளிவந்த குறியை எண்ணினால் சுரப்பியின் வேகம் தெரிந்துவிடும். சேமிப்பு இல்லாததால் ரத்தத்தில் உள்ள அளவை முடிவு செய்பவை இரண்டு மட்டுமே: எவ்வளவு வேகமாக உண்டாகிறது, எவ்வளவு வேகமாக அழிகிறது. உற்பத்தியை முடுக்குவது அல்லட்டோட்ரோபின், அடக்குவது அல்லட்டோஸ்டாட்டின்கள். அழிக்கும் பக்கம் ஜுவனைல் ஹார்மோன் எஸ்டரேஸ், எபாக்சைடு ஹைட்ரோலேஸ் என்ற இரண்டு நொதிகள் நிற்கின்றன. கரப்பானில் நன்றாகப் பிடிக்கும் அல்லட்டோஸ்டாட்டின் அந்துப்பூச்சியின் சுரப்பியை அசைப்பதில்லை. அங்கே அந்த வேலையைச் செய்வது வேறொரு பெப்டைடு, அதாவது சின்னஞ்சிறு புரதத் துண்டு. முடுக்குவதும் தடுப்பதும் பல பூச்சிகளில் உண்டு, பாகங்கள்தான் வேறு.

எக்டைசோன் கதை வேறு. 1954இல் பூட்டனண்ட்டும் கார்ல்சனும் 500 கிலோ பட்டுப்பூச்சிக் கூட்டுப்புழுக்களிலிருந்து 25 மில்லிகிராம் படிகம் எடுத்தார்கள் என்பதிலிருந்தே, எவ்வளவு சொற்பமாக இருந்துகொண்டு எவ்வளவு பெரிய வேலை பார்க்கிறது என்பது புரியும். புழுப் பருவத்தில் இதைச் சுரப்பது முன்மார்புச் சுரப்பி. ஆனால் முழுப்பூச்சியானதும் அந்தச் சுரப்பி சிதைந்து மறைந்துவிடுகிறது. பிறகு எங்கிருந்து வருகிறது? 1975இல் ஏடிஸ் கொசுவில் விடை கிடைத்தது: முட்டை உருவாகும் அண்டகமே சுரக்கிறது. கொலஸ்டிராலிலிருந்து உண்டாகும் ஸ்டீராய்டு இது. பூச்சிகளால் கொலஸ்டிராலைச் சொந்தமாகத் தயாரிக்க முடியாது, உணவில்தான் வர வேண்டும். அண்டகம் விடும் எக்டைசோனைக் கொழுப்புறுப்பு (நம் கல்லீரலுக்கு ஈடான திசு) போன்ற திசுக்கள் 20-ஹைட்ராக்சிஎக்டைசோனாக மாற்றிய பிறகே அதற்கு முழு வீரியம் வருகிறது.

இந்த இட வித்தியாசம் முக்கியமானது. ஒன்று தலைப்பக்கத்திலிருந்து வரும் உத்தரவு. மற்றது முட்டை இருக்கும் இடத்திலிருந்தே எழும் குரல்.

ஜுவனைல் ஹார்மோன் கோலோச்சும் பூச்சிகள்

ரோட்னியஸ் என்ற ரத்தம் குடிக்கும் பூச்சியில் விக்கிள்ஸ்வொர்த் 1936இல் காட்டியது இன்றும் பளிச்சென்று இருக்கிறது. ரோட்னியஸின் தலை நீளமானது. கார்ப்பஸ் அல்லேட்டம் (கார்ப்போரா அல்லேட்டாவின் ஒருமைப் பெயர்) சுரப்பிக்கு முன்னால் வெட்டினால் சுரப்பி உடலோடு தங்கும்; பின்னால் வெட்டினால் தலையோடு போகும். தலையில்லாத பூச்சி பல வாரம் உயிரோடு இருக்கும் என்பதால் காத்திருந்து பார்க்கலாம். சுரப்பி தங்கிய பெண்ணில் முட்டை வளர்ந்தது, போன பெண்ணில் வளரவில்லை.

ஹார்மோன் அங்கே செய்யும் வேலையை நுண்ணோக்கியில் கண்ணாலேயே பார்க்க முடியும். வளரும் ஒவ்வொரு முட்டையையும் சுற்றி நுண்பைச் செல்கள் தளம் பாவியதுபோல இடைவெளியில்லாமல் அடுக்கியிருக்கும். ஜுவனைல் ஹார்மோன் பட்டதும் அந்தச் செல்கள் சுருங்கி, ஒன்றுக்கொன்று நடுவே சந்து விழுகிறது. ரத்தத்தில் மிதக்கும் வைட்டெல்லோஜெனின் என்ற கருவுணவுப் புரதம் அந்தச் சந்துகள் வழியாக முட்டையின் மேற்பரப்பைப் போய்ச் சேர்கிறது. ஹார்மோன் இல்லையென்றால் ரத்தம் முழுக்கப் புரதம் இருந்தும் முட்டைக்கு வழி கிடைக்காது.

வெட்டுக்கிளியில் இந்த ஆதிக்கம் இன்னும் கூடுதல். கொழுப்புறுப்பு ஜுவனைல் ஹார்மோன் கிடைத்ததும் தன் டிஎன்ஏவைப் பல படிகளாகப் பெருக்கிக்கொண்டு புரதத் தொழிற்சாலையாகிறது. சுரப்பியை நீக்கினால் முட்டை நின்றுபோகும். ஹார்மோனை வெளியிலிருந்து தந்தால் மறுபடி தொடங்கும்.

அளவைப் பார்த்து ஏமாறும் இடம் என்று நான் சொன்னது இங்கேதான் வருகிறது. முட்டை முதிரும் கட்டத்தில் வெட்டுக்கிளியின் அண்டகத்தில் எக்டைசோன் குவிந்து கிடக்கிறது. வரைபடத்தை மட்டும் பார்ப்பவர் எக்டைசோன்தான் முட்டையை வளர்க்கிறது என்று எழுதிவிடுவார். உண்மையில் அதன் பெரும்பகுதி செயலற்ற இணைப்பு வடிவத்தில் முட்டைக்குள் பொதிந்து வைக்கப்படுகிறது. முட்டைக்குள் வளரும் கருவுக்குச் சொந்தச் சுரப்பி உருவாவதற்கு முன்பே சில தோலுரிப்புகள் நடந்தாக வேண்டும். அதற்குத் தாய் கட்டிக்கொடுத்த கட்டுச்சோறு அது. ஸ்ட்ராஸ்பர்க்கில் இதைக் கண்டறிந்த குழுவில் இருந்த ஜூல்ஸ் ஹாஃப்மன், பிற்பாடு பூச்சிகளின் நோயெதிர்ப்புக்காக 2011இல் நோபல் பரிசு பெற்றார்.

வேகத்திலும் ஜுவனைல் ஹார்மோனை லேசாக எண்ணக் கூடாது. பிணம் புதைக்கும் வண்டுகள் செத்த சிறு விலங்கைக் கண்டால் அதை மண்ணில் புதைத்து, குஞ்சுகளுக்கு இரையாக்கும். அப்படி ஒரு சடலத்தைக் கண்டு சோதித்துப் பார்க்கத் தொடங்கிய 10 நிமிடத்துக்குள் பெண் வண்டின் ரத்தத்தில் ஜுவனைல் ஹார்மோன் சட்டென்று ஏறிவிடுகிறது.

கொசு: இரண்டும் முறை வைத்து ஆளும் இடம்

இந்த ஒப்பீட்டில் நான் அதிக நேரம் நிற்க விரும்புவது ஏடிஸ் ஈஜிப்தி கொசுவிடம். கூட்டிலிருந்து வெளிவந்த பெண் கொசுவில் ஜுவனைல் ஹார்மோன் முதல் ஓரிரு நாளில் ஏறுகிறது. கொழுப்புறுப்பு, புரதம் தயாரிக்கும் ரைபோசோம்களைச் சேர்த்துத் தயாராகிறது. அண்டகத்தில் முட்டைகள் வளரும் நுண்பைகள் சுமார் 100 மைக்ரோமீட்டர் வரை வளர்ந்து அப்படியே நின்றுவிடுகின்றன. ரத்தம் கிடைக்காவிட்டால் அதற்குமேல் ஓரடி நகராது. இந்த ஆயத்தக் கட்டத்தில் சுரப்பியை எடுத்துவிட்டால் பிறகு வயிறு நிறைய ரத்தம் குடித்தும் பயனில்லை.

ரத்தம் உள்ளே போனதும் ஆட்சி மாறுகிறது. ஜுவனைல் ஹார்மோன் உற்பத்தி சரிகிறது. கூடவே எஸ்டரேஸ் நொதி ஏறி, மிச்சம் இருப்பதையும் துடைத்தெடுக்கிறது. மூளையின் நரம்புச் செல்கள் இன்சுலின் போன்ற பெப்டைடுகளையும், அண்டகத்தை எக்டைசோன் சுரக்கத் தூண்டும் தனிப் பெப்டைடு ஒன்றையும் விடுகின்றன. 18 முதல் 24 மணி நேரத்தில் எக்டைசோன் உச்சம் தொடுகிறது. கொழுப்புறுப்பிலிருந்து கருவுணவுப் புரதம் ஆறாகப் பாய்கிறது. ஒன்றரை நாளில் எக்டைசோன் இறங்க, பாய்ச்சலும் அடங்கிவிடுகிறது. சுமார் 3 நாளில் நூறு முட்டை அளவுக்குத் தயார். இதற்குள் ஜுவனைல் ஹார்மோன் மறுபடி தலைதூக்கி, அடுத்த ஈட்டுக்கான நுண்பைகளை வளர்க்கத் தொடங்கியிருக்கும்.

அப்படியானால் எக்டைசோன்தான் முதன்மையா? ரத்தமே குடிக்காத கொசுவுக்கு அதை ஊசி மூலம் செலுத்திப் பார்த்தார்கள். புரதம் உண்டாக, இயல்பைவிட மிக அதிக அளவு தேவைப்பட்டது. காரணம், உணவிலிருந்து வரும் அமினோ அமிலங்களும் டிஓஆர் என்ற செல் வழித்தடம் மூலம் தனியாக ஒப்புதல் தர வேண்டும். ஹார்மோன் கையெழுத்துப் போட்டாலும் சரக்கு வந்திருக்கிறதா என்று செல் பார்த்துக்கொள்கிறது. ஆகவே கொசுவில் ஜுவனைல் ஹார்மோன் இல்லாமல் எக்டைசோன் முடம். எக்டைசோன் இல்லாமல் ஜுவனைல் ஹார்மோனின் ஆயத்தம் வீண். ஒன்று இறங்கி வழிவிடும்போது மற்றது ஏறுகிறது. இந்த இறக்கத்தைத்தான் கொசு விஷயத்தில் நான் முக்கியமாகப் பார்ப்பேன்.

ஆண் கொசுவும் இதில் பங்கெடுக்கிறது. ஏடிஸ் ஆண், புணர்ச்சியின்போது ஜுவனைல் ஹார்மோனைப் பெண்ணுக்குத் தருகிறது. மலேரியாவைப் பரப்பும் அனாஃபிலிஸ் காம்பியே ஆண் தருவது 20-ஹைட்ராக்சிஎக்டைசோன்; அது கிடைத்த பெண் மறுபடி புணர்ச்சியை ஏற்பதில்லை, முட்டை வளர்ச்சியும் கூடுகிறது. இரண்டும் கொசுக்கள்தான், ஆனால் சீதனம் வேறு வேறு. எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு வியப்பு தீரவில்லை.

அந்துப்பூச்சி, பழ ஈ, கரப்பான், தேனீ

பட்டுப்பூச்சியில் முழுப்பூச்சி எதுவும் சாப்பிடாது; சில நாளே வாழும். முட்டைகள் கூட்டுப்புழுப் பருவத்திலேயே உருவாகிவிட வேண்டும். அப்போது ஜுவனைல் ஹார்மோன் இருந்தால் உருமாற்றமே குலையும். ஆகவே வேலை முழுவதும் எக்டைசோன் தலையில். அதே வரிசையைச் சேர்ந்த மொனார்க் பட்டாம்பூச்சி பூந்தேன் குடித்து வாழ்வதால் ஜுவனைல் ஹார்மோனை நம்புகிறது. இலையுதிர்காலத் தலைமுறையில் அந்த அளவு தாழ்ந்தே இருப்பதால் அண்டகம் உறங்குகிறது. பெண் முட்டையிடாமல் பல மாதம் வாழ்ந்து நெடுந்தூரம் வலசை போகிறது. ஹார்மோனைப் பூசினால் அண்டகம் விழித்துக்கொள்கிறது.

பழ ஈயில் இரண்டும் தராசுத் தட்டுகள் மாதிரி. பட்டினி வந்தால் எக்டைசோன் ஏறி, பாதி வளர்ந்த முட்டைகளைச் சாகவிடுகிறது. ஜுவனைல் ஹார்மோன் அவற்றைக் காப்பாற்றப் பார்க்கிறது.

குட்டி போடும் கரப்பானான டிப்லோப்டெரா பங்க்டாட்டா என் கருத்துக்கு மிகத் தெளிவான சான்று. கருவுணவு நிரம்பும் வரை அங்கே ஜுவனைல் ஹார்மோன் உச்சத்தில் இருக்கும். முட்டைகள் அடைகாப்புப் பைக்குள் இறங்கியதும் அது கிட்டத்தட்ட இல்லை என்ற நிலைக்குப் போய், சுமார் 2 மாதக் கர்ப்பம் முழுவதும் அடங்கியே இருக்கும். பையின் சுவர் சுரக்கும் பாலைக் குடித்துத்தான் கருக்கள் வளர்கின்றன. அந்த நேரத்தில் ஹார்மோனை ஏற்றினால் பால் நின்றுவிடும். அல்லட்டோஸ்டாட்டின் 1989இல் இந்தப் பூச்சியில்தான் பிரித்தெடுக்கப்பட்டது என்பதைத் தற்செயலாக நான் நினைக்கவில்லை; இவ்வளவு காலம் சுரப்பியைப் பிடித்து நிறுத்தி வைப்பதற்குத் தடை வலுவாகத்தானே இருக்க வேண்டும்.

தேனீயில் பழைய உறவே தலைகீழ். நாளுக்கு 1500 முட்டைக்கு மேலும் இடக்கூடிய ராணியின் ரத்தத்தில் வைட்டெல்லோஜெனின் நிறைந்திருக்கும், ஜுவனைல் ஹார்மோன் குறைவு. வேலைக்காரத் தேனீயில் அது ஏறுவது கூட்டுவேலையை விட்டு வெளியே மகரந்தமும் தேனும் தேடப் போகும் வயதில். அப்போது வைட்டெல்லோஜெனின் விழுந்துவிடும். நெருங்கிய சொந்தமான வண்டுத்தேனீயிலோ ஜுவனைல் ஹார்மோன் இன்றும் அண்டகத்தைத்தான் வளர்க்கிறது. வேறொரு பூச்சியில் படித்ததைத் தேனீக்கு அப்படியே ஒட்டவைக்கிற கட்டுரைகளை நம்ப வேண்டாம்.

மருந்துகள் கை வைக்கும் இடம்

இரு ஹார்மோன்களின் பாவனையிலும் பூச்சிக்கொல்லிகள் உண்டு. மெத்தோப்ரீனும் பைரிப்ராக்சிஃபெனும் ஜுவனைல் ஹார்மோன் போல நடிப்பவை. பழ ஈயில் மெத்தோப்ரீனுக்கு அசையாத திரிபு ஒன்று 1986இல் அகப்பட்டது. அதில் பழுதான மெட் என்ற புரதமே ஜுவனைல் ஹார்மோனின் ஏற்பி, அதாவது ஹார்மோன் போய் ஒட்டும் புரதம், என்று 2011இல் உறுதியானது. எக்டைசோனின் ஏற்பி 1991லேயே தெரிந்துவிட்டது. டெபுஃபெனோசைடு, மெத்தாக்சிஃபெனோசைடு ஆகியவை போய் ஒட்டுவது அதில்தான்.

கொல்லும் விதத்தைப் பாருங்கள். இயல்பான ஹார்மோனை நொதிகள் சீக்கிரம் அழித்துவிடும். இந்தச் செயற்கைப் பொருள்கள் எளிதில் அழியாது. ஜுவனைல் ஹார்மோன் இருக்கவே கூடாத நாளில் மெத்தோப்ரீன் இருந்துவிடுவதால் கொசு கூட்டுப்புழுவைத் தாண்டி வெளியே வர முடிவதில்லை. பழைய தோலைக் கழற்றி முடிக்க எக்டைசோன் அளவு விழ வேண்டும். டெபுஃபெனோசைடு ஏற்பியில் ஒட்டி நின்று, அளவு விழாதது போன்ற நிலையிலேயே பிடித்து வைப்பதால் புழு பாதி உரித்த நிலையில் சாகிறது. முட்டையிடும் பெண்களிடமும் இது தொடர்கிறது. பைரிப்ராக்சிஃபென் பட்ட பெண் பூச்சிகள் பலவும் இடும் முட்டைகள் பொரிப்பதில்லை. மெத்தாக்சிஃபெனோசைடு தடவிய பரப்பில் உட்கார்ந்து எழுந்த ஆப்பிள் அந்துப்பூச்சிப் பெண்கள் குறைவாகவே முட்டையிடுகின்றன.